22 புள்ளிகளுக்குப் பிறகு சிவப்புக் காய்க்கு மதிப்பு உண்டா? கரம் விதிகளில் ஒரு சந்தேகம்

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடியில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடத்தும் கரம் (கேரம்) போட்டியின் இறுதியாட்டம் இவ்வாண்டு முடிவின்றி நிற்கிறது. ஆறு போர்ட் (ஒருவர் தம் காய்களை முடிக்கும்வரை ஆடும் ஒரு சுற்று) முடிந்தபோது ஒருவருக்கு 22 புள்ளிகளும் மற்றவருக்கு 19 புள்ளிகளும் இருந்தன. ஏழாவது போர்டில் 22 புள்ளிக்காரர் சிவப்பைப் போட்டு, அடுத்துத் தம் காய் ஒன்றையும் போட்டு முறையாகக் கவரும் செய்து, எதிராளியின் காய்கள் இரண்டு பலகையில் மீந்திருக்கத் தம் காய்களை முடித்துவிட்டார். இரண்டு காய்களுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று, ஆக 27 என்று அவர் வெற்றியைக் கோருகிறார். சிவப்பு கணக்கில் வராது, 24 மட்டுமே என்கிறார் மற்றவர். இதற்கிடையில், கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று பொயின்ட் முறையில் விளையாடியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது என்று எங்கள் மாமா ஒருவர் கூறுகிறார். எது சரி என்று விதி அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை நடுவர்:

24 என்பதே சரி. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கரம் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஓர் ஆட்டம் 25 புள்ளிகளுக்கு அல்லது எட்டு போர்டுகளுக்கு ஆடப்படும். போர்டை வென்றவருக்கு எதிராளியின் மீதிக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். சிவப்பை அவரே கவர் செய்திருந்தால் மேலும் மூன்று கிடைக்கும். ஆனால் அந்த மூன்று, போர்ட் தொடங்கும்போது 21 அல்லது அதற்குக் குறைவான புள்ளிகளுடன் இருப்பவருக்கே உரியது. 22ஐ எட்டியவர் சிவப்பைப் போடலாம், போட்டு எதிராளிக்கு அந்த வாய்ப்பைத் தடுக்கலாம், அதற்குப் புள்ளி மட்டும் பெற முடியாது. முன்னிலையில் இருப்பவர் ஒரே சிவப்பால் ஆட்டத்தை முடித்துவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

வீட்டு ஆட்டத்தில் பலரும் தவறவிடும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் சிவப்பைக் கவர் செய்து வைத்திருந்தால், அந்த மூன்று புள்ளிகள் வென்றவருக்கும் சேராது, தோற்றவருக்கும் சேராது.

தெஹிவளை ஆட்டக்காரன்:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். மாமாவின் யோசனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பொயின்ட் முறையும் நிற முறையும் ஒரே பலகையில் ஆடப்பட்டாலும் எண்ணும் முறையில் மட்டும் வேறுபடுபவை அல்ல. நிற முறையில் ஒன்பது காய்கள் உங்களுடையவை, ஒன்பது எதிராளியுடையவை. ஆகவே எதிராளியின் காயைக் குழியோரத்திலிருந்து தட்டிவிடுவதும், அவர் வழியை மறித்து உங்கள் காயை நிறுத்துவதும் ஆட்டத்தின் பாதி. பொயின்ட் முறையில் எந்தக் காயையும் எவரும் போடலாம் என்பதால் மறிப்பதற்கு வேலை குறைவு, குறிபார்த்து அடிப்பவருக்கே அது சாதகம். நீங்கள் சொன்ன கணக்கில் பலகையில் மொத்தம் 320 புள்ளிகள் இருக்கின்றன. 160க்கு 160 என்று சமநிலை வரவும் இடமுண்டு, அப்போது என்ன செய்வது என்பதை மாமாவிடம்தான் கேட்க வேண்டும்! சிறுவர்களும் பெரியவர்களும் கலந்து நால்வராக அமர்ந்து ஆடும்போது பொயின்ட் முறை இனிமையானது. கிண்ணம் வைத்து நடத்தும் போட்டிக்கு அது பொருந்தாது.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஸ்ட்ரைக்கரும் (காய்களை அடிக்கும் வட்டு) சொந்தக் காயும் ஒன்றாகக் குழியில் விழுந்தால், எங்கள் வீட்டில் காயைத் திரும்ப வைத்து, தண்டமாக இன்னொரு காயையும் வைத்து, முறையையும் இழக்க வேண்டும். போட்டிகளிலும் அப்படித்தானா?

கொட்டாஞ்சேனை நடுவர்:

இல்லை. விழுந்த காயும் தண்டக் காய் ஒன்றும் வெளியே வரும், ஆனால் ஆடியவர் தம் முறையைத் தொடர்வார். ஸ்ட்ரைக்கர் தனியே விழுந்தால் தண்டக் காயோடு முறையும் போகும். பெருவிரலால் அடிப்பதை வீடுகளில் தடுப்பார்கள், சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது. இன்னொரு வேறுபாடு சிவப்பைத் தொடும் உரிமை பற்றியது: சொந்தக் காய் ஒன்றையாவது முன்னர் போட்டிருந்தால்தான் சிவப்பைப் போட்டுக் கவர் செய்யலாம். எடுத்த எடுப்பிலேயே சிவப்பைக் குறிவைப்பது வீட்டுப் பழக்கம். ஒரே அடியில் சிவப்பும் சொந்தக் காயும் விழுந்தால் கவர் ஆனதாகவே கொள்ள வேண்டும், இதற்கென்று தனியாக மறுபடி அடிக்கத் தேவையில்லை.

இந்த நுணுக்கங்களை நம் ஊரில் அறிந்தவர்கள் பலர். 1995இலும் 2012இலும் உலகச் சாம்பியன்ஷிப் கொழும்பிலேயே நடந்தது, 2012இல் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோவே ஆண்கள் பட்டத்தை வென்றார். அப்படியிருந்தும் தொடர்மாடிகளில் விதித்தாளை ஒட்டாமல் போட்டியைத் தொடங்குவது ஏனோ தெரியவில்லை.

வெள்ளவத்தைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. 24 என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டு, எட்டாவது போர்டை வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட இணங்கியிருக்கிறார்கள். 24இல் இருப்பவருக்கு அந்தப் போர்டை வென்றாலே போதும். 19இல் இருப்பவருக்குச் சிவப்பின் மூன்று இன்னும் செல்லுபடியாகும் என்பதால், அதைக் கவர் செய்து எதிராளியின் மூன்று காய்களை மீதம் வைத்து வென்றால் 25 ஆகிவிடும். இரண்டே காய்கள் மீந்தால் 24க்கு 24. அப்படி வந்தால் என்ன விதி, ஐயா?

கொட்டாஞ்சேனை நடுவர்:

மேலதிகமாக ஒரு போர்ட் ஆட வேண்டும். இம்முறை ஆட்டம் தொடங்கும் முன்பே அதையும் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.