இரவு இரண்டு மணிக்கு என் முகம் எதற்கு?

பாலாற்றுமணல்:
சித்திரையில் வேலூர்க்காரனுக்கு நல்ல காற்று கிடைப்பது இரவு இரண்டு மணிக்குத்தான். சென்ற வாரம் ரயிலில் வந்த மாமாவைக் காட்பாடியில் ஏற்றிக்கொண்டு, அந்தக் காற்றை அனுபவித்தபடி பைக்கில் வந்தேன். வழியில் நிறுத்தினார்கள். உரிமம், ஆர்.சி., காப்பீடு எல்லாம் காட்டினேன். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, கைபேசியில் என் முகத்தைப் படம் பிடித்தார் காவலர். மாமாவையும் விடவில்லை. எதற்கு என்று கேட்டேன். “சும்மா, பதிவுக்கு” என்றார். அந்தச் ‘சும்மா’தான் ஒரு வாரமாக உறுத்துகிறது.

தோட்டப்பாளையத்தான்:
படம் எடுத்தால் முகம் தேய்ந்துவிடுமா? கல்யாண வீட்டில் காமிராக்காரரைத் தேடிப்போய் நிற்கிறவர்கள்தானே நாம். 2021 டிசம்பரில் எங்கள் பேட்டை நகைக்கடைச் சுவரில் துளை போட்டு ஏறக்குறைய 15 கிலோ தங்கத்தை அள்ளிப் போனானே, மறந்துவிட்டதா? காமிராப் பதிவுகளைச் சலித்து, ஒரு வாரத்துக்குள் ஆளைப் பிடித்தார்கள். ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்த நகையும் கிடைத்தது. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?

பாலாற்றுமணல்:
அந்த ஆள் முகமூடி போட்டுக்கொண்டு, கடைக் காமிராக்கள் மீது பெயின்ட் அடித்துவிட்டல்லவா வேலையைத் தொடங்கினான்! திருடன் முகத்தை மூடிக்கொள்வான். ஹெல்மெட்டைக் கழற்று என்றதும் கழற்றுகிறவன் நான். திருட்டு நடந்த பிறகு பதிவைத் தேடுவதும், எதுவுமே நடக்காதபோது என்னைப் பதிவாக்கி வைப்பதும் ஒன்றா?

கோட்டைமதில்:
சட்டத்தைப் பார்ப்போம். 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, கருவிழி, புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. அதுவே கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் பற்றித்தான் பேசுகிறது. மற்றவர்களுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மாமாவை அழைத்து வருகிறவன் இதில் எங்கே வருகிறான்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கே அதிகாரம் கொடுத்துவிட்டது. பூட்டு வாங்கிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்த கதைதான்.

இன்னொன்று. தாடியை எடு, நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று என்று சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

தோட்டப்பாளையத்தான்:
வந்துவிட்டது 1806! இந்த ஊரில் தண்ணீர் வரி ஏறினால்கூடச் சிப்பாய்க் கலகம்தான். ஐயா, அது வெள்ளைக்காரன் ஆட்சி. இது நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த அரசு.

கோட்டைமதில்:
ஓட்டுப் போட்டபோது விரலில் மை வைக்கத்தான் சம்மதித்தேன்.

குடியாத்தத்து அக்கா:
தம்பிகளா, நீங்கள் முகம் முகம் என்கிறீர்கள். எங்கள் அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றியவர். விரலில் ரேகையே இல்லை, வழவழவென்று இருக்கிறது. ரேஷன் கடைக் கருவியில் விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம். மூன்று நடை நடந்தபின், கருவிழி பார்க்கும் கருவி வேறு கடையில் இருக்கிறது என்றார்கள். கடைக்காரருக்கு அம்மாவை இருபது வருடமாகத் தெரியும். “வாங்க பெரியம்மா” என்று கூப்பிடுவார். ஆனால் கருவி சொன்னால்தான் அரிசி. தப்புச் செய்யாதவர்களுக்குப் பயம் இல்லை என்கிறீர்களே, அம்மா என்ன தப்புச் செய்தார்?

தோட்டப்பாளையத்தான்:
அக்கா, அது கருவியின் கோளாறு. நான் பேசியது காமிராவைப் பற்றி. அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு:
முப்பது வருடம் இரவு ரோந்து போனவன் சொல்கிறேன். நடுராத்திரியில் வருகிறவனை நிறுத்தி விசாரிப்பது கடமை, அதில் கோபப்படாதீர்கள். நாங்களும் பெயர், ஊர், வண்டி எண் எழுதினோம். அதற்கு ஒரு நோட்டு இருந்தது. யார் எழுதினார் என்று அதில் கையெழுத்து இருக்கும். அதிகாரி வந்து புரட்டிப் பார்ப்பார். இப்போது அந்தத் தம்பியின் சொந்தக் கைபேசியில் உங்கள் மாமா இருக்கிறார். அவர் கைபேசியை மாற்றும்போது அந்தப் படம் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. நாளைக்கு நிலையத்துக்குப் போய், எந்தப் பதிவேட்டில் ஏற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.

பாலாற்றுமணல்:
போகிறேன், ஐயா. மாமாவையும் அழைத்துப் போகலாம் என்றால், “நீ போய்க் கேட்டால் இன்னொரு படம் எடுப்பான்” என்கிறார்.