தூக்கமும் மதிப்பெண்ணும்: இரு சராசரிகளை ஒப்பிட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். இரவில் எட்டு மணி நேரமாவது தூங்குபவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்களா என்று அறிய, 42 பேரிடம் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு எழுதி வாங்கினேன். செங்கல்பட்டிலிருந்து அதிகாலை மின்சார ரயிலில் சிறப்பு வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, 5 என்று எழுதியதை அடித்துவிட்டு 7 ஆக்கியிருந்ததைக் கண்டதிலிருந்து மனம் உறுத்துகிறது.

எட்டு மணி நேரம் தூங்குபவர்கள் 11 பேர்தான். மற்ற 31 பேரின் மதிப்பெண்களோ மிகவும் சிதறிக் கிடக்கின்றன. புள்ளியியலாளர் கோசெட் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த டி-சோதனை (சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்ப்பது) சிறிய கூறுகளுக்கு, அதாவது குறைந்த பேரின் தரவுகளுக்கு, ஏற்றதே என்றாலும், இரு குழுக்களை ஒப்பிடும் அதன் வழக்கமான வடிவம் இரண்டின் விலக்க வர்க்கச் சராசரிகளும் (மதிப்பெண்கள் சிதறியிருக்கும் அளவு) சமம் என்று கொள்வதால், அந்த அனுமானம் தேவைப்படாத வெல்ச் சோதனையே இங்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். இது சரிதானா? கருதுகோளை முன்கூட்டியே எழுதி வைக்காததால், வேறுபாடு எந்தத் திசையில் இருந்தாலும் கணக்கில் கொள்ளும் இருமுனைச் சோதனையே நேர்மையானது என்றும் நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தொலைவிலிருந்து வருபவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள். படிக்கவும் அவர்களுக்கு நேரம் குறைவு. அப்படியானால் சராசரிகளில் தெரியும் வேறுபாடு தூக்கத்தினால் வந்ததா, பயணத்தினால் வந்ததா? எட்டு மணி என்று கோடு கிழித்துப் பிரிக்காமல், தூக்க நேரத்தையும் பயண நேரத்தையும் சேர்த்துத் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (ஒவ்வொன்றும் மதிப்பெண்ணோடு எப்படித் தொடர்புடையது என்று தனித்தனியே மதிப்பிடுவது) செய்ய 42 பேர் போதுமா? புள்ளியியல் அறிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.