கான்காலில் இரண்டு இரவு: தேதியை எதை வைத்து முடிவு செய்வது?

கேட்டவர்: நடைவண்டி

பிரான்ஸின் பிரிட்டனிக் கடற்கரையில் உள்ள கான்காலில், செப்டம்பர் கடைசியில் இரண்டு இரவு தங்கத் திட்டம். பாரிஸிலிருந்து வருகிறோம், கார் எடுக்கப்போவதில்லை. மொத்தம் நான்கு பேர். இருவர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்.

அறையைத் துறைமுகத்தில் போடுவதா, மேலே ஊருக்குள் போடுவதா? சிப்பிப் பண்ணையைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? இணையத்தில் ஒரு படத்தில் தண்ணீர் துறைமுகச் சுவரில் மோதுகிறது, இன்னொன்றில் கடலே காணோம், வெறும் சேறு. எதை நம்புவது? தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்த முடியும்.

உப்பங்கழி

இரண்டு படமும் உண்மைதான், ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்திருப்பார்கள். கான்கால் இருக்கும் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய நாட்களில் 13 மீட்டரைத் தாண்டும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் அது ஒன்று. ஆகவே ஓட்டலைப் பார்ப்பதற்கு முன்னால் கடல் அட்டவணையைப் பாருங்கள். தேதியை நகர்த்த முடியும் என்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது.

பிரெஞ்சு அட்டவணையில் உயரம், நேரம் தவிர 'கொயெஃபிசியான்' என்று ஓர் எண் இருக்கும். 20-லிருந்து 120 வரை போகும். பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் கணக்கிட்டு, எல்லா ஊருக்கும் அதே எண்ணைப் போடுவார்கள். 70 என்றால் நடுத்தரம். 100-க்கு மேல் என்றால் கடல் வெகுதூரம் உள்வாங்கும், திரும்பும்போதும் அதே வேகத்தில் ஏறும். 45-க்குக் கீழே என்றால் பண்ணையில் சிப்பி வளர்க்கும் இரும்பு மேசைகளில் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே வராது. நீங்கள் போய் நின்று வெறும் கடலைத்தான் பார்ப்பீர்கள்.

நம் நாட்காட்டியே இதற்குப் போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றரை, இரண்டு நாளில் எண் உச்சத்துக்குப் போகும். அஷ்டமி கழிந்து இரண்டு நாளில் அடிமட்டம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமிதான் வருடத்திலேயே பெரியவை. செப்டம்பர் கடைசி அந்தக் கணக்கில் விழுவது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொரு வசதி உண்டு. எண் பெரிதாக இருக்கும் நாட்களில் பகல் நேர வற்றம் எப்போதும் பிற்பகலில்தான் வரும். செப்டம்பரில் ஏறக்குறைய 2 மணியிலிருந்து 4 மணிக்குள். எண் சின்னதாக இருக்கும் நாட்களில் இது தலைகீழ், அதே பிற்பகலில் கடல் நிரம்பி நிற்கும். பண்ணை பார்க்க வேண்டுமா, பெரிய எண் நாள். குளிக்க வேண்டுமா, சின்ன எண் நாள். இரண்டும் ஒரே நாளில் அமையாது.

அட்டவணையில் எல்லோரும் சறுக்கும் இடம்: 'பி.எம்.' (PM) என்ற எழுத்துகள். அது பிற்பகல் அல்ல, 'பிளேன் மேர்', அதாவது கடல் நிரம்பிய நேரம். 'BM' என்று போட்ட இன்னொன்று 'பாஸ் மேர்', வற்றம். '08.10 பி.எம்.' என்பதை இரவு எட்டு என்று படித்தால் நாள் முழுக்கப் போச்சு. தவிர, அச்சிட்ட சில அட்டவணைகள் குளிர்கால நேரத்தில் இருக்கும், செப்டம்பரில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரெஞ்சுக் கடற்படையின் நீரளவியல் நிறுவனமான ஷோமின் இணையதளத்தில் பார்த்தால், எந்த நேர மண்டலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தண்டவாளம்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து பக்கத்து நகரமான சான் மாலோவுக்கு நேரடி டிஜிவி (அதிவேக ரயில்) இருக்கிறது, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஆகும். நேரடி கிடைக்காவிட்டால் ரென் நகரில் மாறி உள்ளூர் ரயில், அது ஒரு மணி நேரத்துக்குள். கான்காலில் ரயில் நிலையம் கிடையாது. சான் மாலோ நிலையத்திலிருந்து 15 கி.மீ. சொச்சம், நகரப் பேருந்தில்தான் போக வேண்டும்.

கவனிக்க வேண்டியது ரென்தான். இரண்டு டிஜிவி ரயில்களை ஒன்றாகக் கோர்த்து பாரிஸிலிருந்து ஓட்டி, ரென்னில் பிரிப்பது அங்கே வழக்கம். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். ஓடும்போது ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு உள்ளே நடந்து போக வழி இல்லை. அதனால் பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்கள், 'உள்ளே ஏறிவிட்டு நடந்துகொள்ளலாம்' என்று நினைக்காதீர்கள்.

ஞாயிறும் விடுமுறை நாட்களும் பேருந்து குறைவு. சான் மாலோவில் அறை எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குக் கான்கால் வந்து, பேருந்தில் திரும்புவது என்று திட்டம் போட்டால் டாக்சிக்குத்தான் காசு. அந்த டாக்சியும் தெருவில் கை காட்டினால் நிற்காது, முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும்.

அறை விஷயம்: தேவாலயமும் கடைகளும் இருக்கும் ஊர் குன்றின் மேலே. 'லா ஊல்' என்ற துறைமுகம் கீழே. நடுவில் செங்குத்தான தெருவும் படிக்கட்டும். பெரியவர்களோடு போகிறீர்கள், துறைமுகத்திலேயே போடுங்கள். பேருந்திலும் துறைமுக நிறுத்தத்தில் இறங்குங்கள். மேலே இறங்கிவிட்டால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குவது ஒருவிதம், திரும்பும் நாளில் ஏற்றுவது வேறுவிதம்.

கத்திமுனை

சிப்பி பற்றி யாரும் எழுதவில்லையே. துறைமுகத்தின் வடகோடியில், கலங்கரை விளக்கத்தின் அருகே, கோடு போட்ட கூரைத் துணியோடு சில கடைகள் வரிசையாக இருக்கும். சிப்பிச் சந்தை என்பது அவ்வளவுதான். அங்கே டஜன் கணக்கில் வாங்கி, திறந்து தரச் சொல்லி, எதிரே இருக்கும் கற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஓட்டைக் கீழே கரையில் வீசிவிடலாம். அங்கே அது குப்பை போடுவதாகாது, ஊர் வழக்கம். எலுமிச்சைத் தோலையும் தட்டையும் மட்டும் வீசாதீர்கள்.

சிப்பியின் அளவுக்குப் போடும் எண் முறை தலைகீழ், இதில் ஏமாறாதவர் குறைவு. குழிந்த ஓடுள்ள வழக்கமான இனமான குழிச்சிப்பிக்கு 5 என்றால் மிகச் சிறியது, 30 முதல் 45 கிராம். 3 என்றால் 66 முதல் 85 கிராம். 0 என்றால் 150 கிராமுக்கு மேல். 'பெரிய எண் நல்ல சரக்கு' என்று நினைத்து 5 வாங்குகிறவரும் உண்டு, சிறிய எண் சின்னதாக இருக்கும் என்று 1 வாங்கி விழுங்க முடியாமல் திணறுகிறவரும் உண்டு. முதல்முறை என்றால் 4 அல்லது 3. டஜன் பெரும்பாலும் 6 முதல் 10 யூரோவுக்குள் வரும், திறந்து தருவதற்கும் எலுமிச்சைக்கும் சிறிது தனி. சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டைச் சிப்பி வேறு இனம், விலை கூட, உலோகம் கலந்த மாதிரி ஒரு பின்சுவை இருக்கும். அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

சிப்பியை உயிரோடுதான் தின்கிறோம் என்பதை மனதில் வையுங்கள். எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் கறுப்பு ஓரம் சுருங்க வேண்டும். சுருங்காமல் தொங்கினால், ஓட்டுக்குள் நீர் இல்லாமல் காய்ந்திருந்தால், வாடை அடித்தால், ஒதுக்கிவிடுங்கள். திறந்ததும் ஓட்டில் இருக்கும் முதல் நீரைக் கொட்டிவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊறும், அந்த இரண்டாம் நீர்தான் ருசி. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பச்சையாகத் தொடவே கூடாது. கனமழைக்குப் பிறகு நோரோவைரஸ் காரணமாக ஒரு பகுதியின் விற்பனையை அரசு நிறுத்தி வைப்பதும் உண்டு, குளிர்காலத்தில்தான் அதிகம். அப்படி அறிவிப்பு ஒட்டியிருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

சுக்குக்காப்பி

சைவத்துக்கு: 'கிரெப்பெரி' என்று பலகை போட்ட கடைகள்தான் புகலிடம். அங்கே 'கலெத்' என்பது மரக்கோதுமை மாவில் சுடும் கருநிற தோசை மாதிரி. வழக்கமான 'கோம்ப்ளேத்'தில் முட்டை, பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சி மூன்றும் இருக்கும். 'சான் ழாம்போன்' என்றால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். முழுதாகச் சொல்ல வேண்டுமானால், 'ழெ ந மான்ழ் நி வியாந்த், நி புவாசோன்', அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன். வியாந்த் என்பதை மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும், அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. 'பன்றிக்கறித் துண்டு' என்ற 'லார்தோன்' சாலடில் ஒளிந்திருக்கும், அதையும் கேளுங்கள். காய்கறி சூப்பின் அடிநீர் கோழியா என்று கேட்பது நல்லது. சுத்தபத்தம் பார்ப்பவர் என்றால், கல்லில் தடவுவது பன்றிக் கொழுப்பா வெண்ணெயா என்றும், பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் 'ப்ரெஸ்யூர்' என்ற உறைபொருளைச் சேர்க்கிறார்களா என்றும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டும் அங்கே சாதாரணம்.

சமையலறை மதியம் 12-லிருந்து 2 வரை, இரவு 7-லிருந்து 9, 9.30 வரை. நடுவில் அடுப்பு அணைந்துவிடும். உப்பங்கழி சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: பெரிய எண் நாளில் கடல் வற்றுவது 2 மணிக்கு மேல். எனவே 12 மணிக்கே மேசையில் உட்காருங்கள், சாப்பிட்டுக் கீழே இறங்கினால் சரியாக இருக்கும். பண்ணையைப் பார்த்துவிட்டு 3.30 மணிக்குச் சாப்பிடலாம் என்றால் சைவக்காரருக்குப் பட்டினி. சிப்பிக் கடை அப்போதும் திறந்திருக்கும், அவருக்கு என்ன பயன்?

குழாய் நீரை 'கராஃப் தோ' என்று கேட்டால் இலவசம். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறும். ஞாயிறு காலை மேலே ஊரில் சந்தை கூடும்.

கேட்டவர்: நடைவண்டி

அனைவருக்கும் நன்றி. பௌர்ணமி கழிந்த மறுநாள் போய்ச் சேர்கிற மாதிரி மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். வற்றிய பிறகு பண்ணை மேசைகள் வரை நாமே நடந்து போகலாமா? குருவேன் முனை வரையிலான நடைபாதை பெரியவர்களுக்குச் சரிவருமா?

உப்பங்கழி

மேசைகள் வரை தனியாகப் போகாதீர்கள். அவை குத்தகை நிலம், ஒரு சிப்பியை எடுத்தாலும் திருட்டு. டிராக்டர் போய்வரும் தடம் மட்டும் கெட்டியாக இருக்கும், அதை விட்டு விலகினால் முழங்கால் வரை புதையும் சேறு. வழிகாட்டியோடு போகும் நடைகள் உண்டு, அவற்றில் சேருங்கள். கரையில் நின்று பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது: மேசைகளின் மேல் வலைப்பைகள், அவற்றைப் பாசி பிடிக்காமல் குலுக்கித் திருப்பிப் போடும் ஆட்கள், தண்ணீர் வருவதற்குள் முடிக்க அவர்கள் காட்டும் அவசரம்.

அந்த அவசரத்துக்குக் காரணம் கணக்கில் தெரியும். கடல் ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தின் 12-ல் 1 பங்குதான் ஏறும். அடுத்த மணியில் 2 பங்கு, பிறகு 3, மறுபடி 3, பின் 2, கடைசியில் 1. மொத்தம் 12 மீட்டர் என்று வைத்தால் மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மணிக்கு 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 செ.மீ. முதல் மணியில் 'மெதுவாகத்தானே வருகிறது' என்று ஏமாந்தவர்தான் மாட்டுவார். தட்டையான தரையில் தண்ணீர் நேராக எதிரே வராது, பின்னால் இருக்கும் பள்ளங்களை முதலில் நிரப்பும். வற்றம் முடிவதற்கு முன்பே கரைப்பக்கம் முகம் திருப்பியாக வேண்டும். ஆபத்தென்றால் கைபேசியில் 196, கடல் மீட்பு. 112-ம் வேலை செய்யும்.

சான் மாலோவில் கிராந் பே தீவுக்கும் இதே விதி. வற்றத்தில் நடந்து போய் எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறையைப் பார்க்கலாம். பாதை மூழ்கிவிட்டால் இறங்கிக் கடக்க முயலாதீர்கள், அடுத்த வற்றம் வரை தீவிலேயே காத்திருங்கள்.

தண்டவாளம்

குருவேன் முனை பற்றி. துறைமுகத்திலிருந்து 'ஜிஆர் 34' பாதையில் ஏறக்குறைய 7 கி.மீ., இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். பழைய சுங்கக் காவலர் பாதை, வெள்ளை சிவப்புக் கோடுதான் அடையாளம். தூரம் பிரச்சினை இல்லை, ஏற்ற இறக்கம்தான். ஒவ்வொரு சிறு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, மழை பெய்தால் களிமண் வழுக்கும்.

பெரியவர்களுக்கு இப்படிச் செய்யலாம்: டாக்சியில் நேரே முனைக்குப் போய், அங்கிருந்து போர் மேர் கடற்கரை வரை மட்டும் நடங்கள். ஏறக்குறைய 2 கி.மீ., அந்தப் பாதையின் அழகான துண்டும் அதுதான், எதிரே பறவைகள் கூடு கட்டும் லாந்த் தீவு. திரும்ப டாக்சியைப் போர் மேருக்கு வரச் சொல்லி, ஏறும்போதே நேரம் பேசிவிடுங்கள்.

துறைமுகம் கிழக்கு பார்த்தது. அங்கே சூரிய உதயம்தான் கிடைக்கும், வானம் தெளிந்திருந்தால் வளைகுடாவின் எதிர்க்கோடியில் மோன் சான் மிஷேல் என்ற மடாலயத் தீவு ஒரு சிறு கூம்பாகத் தெரியும். அஸ்தமனத்துக்கு முனைக்குத்தான் போக வேண்டும். மேற்குக் காற்று அங்கே முகத்தில் அறையும், துறைமுகத்தில் இதமாக இருந்ததே என்று மேல்சட்டையை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.