கஜா புயல், 2018: வேதாரண்யம் பக்கம் என்ன அனுப்பலாம்?

கேள்வி (கோவை): நவம்பர் 16 அதிகாலை புயல் கரையைக் கடந்ததிலிருந்து எங்கள் குடியிருப்பில் துணி சேர்க்கிறோம். ஒரு லாரி நிறையும். அனுப்பலாமா?

பதில் (தலைஞாயிறு): ஐயா, பழைய துணி வேண்டாம். முகாமில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கூரை பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய்தான் முதல் தேவை. கொசுவலை, மெழுகுவர்த்தி, நாப்கினும் வேண்டும். மின்கம்பங்கள் சாய்ந்ததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஒரு ஜெனரேட்டர் கிடைத்தால் ஊர் முழுவதற்கும் குடிநீர் கிடைக்கும். தயவுசெய்து முயலுங்கள்.

பதில் (பேராவூரணி): லாரியை நெடுஞ்சாலையிலேயே காலி செய்துவிடாதீர்கள், உள்கிராமங்கள் பட்டினி கிடக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே பேசுங்கள். தென்னைகள் விழுந்து பாதையை மறித்திருக்கின்றன, மரம் அறுக்கும் இயந்திரமும் கொண்டு வாருங்கள்.

கேள்வி (கோவை): துணியை நிறுத்திவிட்டோம். தார்ப்பாய் என்ன அளவு?

பதில் (தலைஞாயிறு): பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி. நைலான் கயிறும் சேர்த்து அனுப்புங்கள்.