நிசான் சீரமைப்பு: பழைய சன்னிக்காரன் கேள்வி

தண்டையார்பேட்டைக்காரன்:
எண்ணூர் துறைமுகத்துல கப்பலேற நின்ன நிசான் மைக்ரா கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு, 2013ல நிசானோட சன்னி டீசல் வாங்கினேன். 1,40,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு. முட்டிவலிக்கார எங்கம்மா பின்சீட்டுல காலை நல்லா நீட்டி உட்காருவாங்க, அதுக்காகவே அந்த வண்டி மேல எனக்குத் தனிப் பாசம். இப்ப நிசான் உலகம் முழுக்க 20,000 பேரைக் குறைக்கிறாங்களாம், 17 ஆலை 10 ஆகுதாம். சென்னைப் பக்கம் ஒரகடம் கூட்டு ஆலையில நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கும் கூட்டாளி ரெனோவுக்குப் போயிடுச்சாம். மனசே சரியில்ல. அடுத்த வண்டியும் நிசானே எடுக்கலாமா?

காசிமேடு மெக்கானிக்:
அண்ணே, உங்க வண்டியில இருக்கிறது ரெனோவோட 1.5 லிட்டர் கே9கே இன்ஜின். ரெனோவோட பழைய டஸ்டர் டீசல்லயும் அதேதான் இருந்துச்சு. இன்ஜின் பார்ட்ஸுக்குக் கவலைப்படாதீங்க. ஆனா சன்னிக்குன்னே வர்ற ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர் கண்ணுல பட்டா வாங்கி வச்சுடுங்க.

திருவொற்றியூர் வாசி:
2021ல ஃபோர்டு இங்க உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்ச கதை வேற, இது வேற. பங்கு கைமாறினாலும் நிசானோட மேக்னைட் கார் ஒரகடத்துலதான் தயாராகும்னு சொல்லியிருக்காங்க.

தண்டையார்பேட்டைக்காரன்:
அந்த ஒரகடம் சேதி போதும் சார். ஆலையில வேலை செய்யற நம்ம பசங்களை நினைச்சுதான் பயந்தேன். ஞாயித்துக்கிழமை அம்மாவோட போய் மேக்னைட் பின்சீட்டைப் பார்க்கறேன். அவங்க கால் நீட்ட இடம் இருக்கணும்.