களைத்துப் போகாதே என்பதுதான் அவர்கள் வணக்கம்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி ரூமில் ஒன்பது வருடம் இருந்தேன். எனக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். ஒரே அறையில் ஆறு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். என் கட்டிலுக்கு மேலே படுத்தவர் பாகிஸ்தானில் ஸ்வாத் பகுதியைச் சேர்ந்த பட்டாணி, அதாவது பஷ்தூன் இனத்துக்காரர். டிரெய்லர் ஓட்டுவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் லாலா என்றே கூப்பிட்டேன். அவர்கள் பாஷையில் அண்ணன்.

போன புதிதில் பயம்தான். பாகிஸ்தான்காரர்கூட ஒரே ரூமா என்று அம்மா போனில் அழுதார். முதல் வாரம், ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸும் வேர்வையுமாக வந்து நான் தரையில் உட்கார்ந்தபோது, லாலா என்னைப் பார்த்து "ஸ்தடய் மா ஷே" என்றார். விழித்தேன். அப்புறம் உருதுவில் விளக்கினார்: 'நீ களைத்துப் போகாமல் இரு.' பட்டாணிகள் வழியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்கிற வணக்கமே அதுதானாம். அதற்குப் பதில் "க்வார் மா ஷே", 'நீ அல்லல்படாமல் இரு.' வெயிலில் நடந்து வந்தவருக்கு நம் ஊரில் சொம்பில் தண்ணீர் நீட்டுவோமே, அதை அவர்கள் சொல்லிலேயே செய்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து யார் முதலில் ரூமுக்கு வந்தாலும், அடுத்து வருபவருக்கு இந்த வார்த்தை உண்டு.

நோன்பு மாதத்தில் கீழக்கரை நண்பர் ஒருவர் துபாயில் தேரா பகுதியிலிருந்து வாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். லாலாவுக்கு முதல் தடவை அது பிடிக்கவில்லை. சோற்றை ஏன் இப்படிக் குழைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். மூன்றாவது வருடம் கஞ்சி வராவிட்டால் அவரே போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருக்கும்போது, எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வராது. நானும் காத்திருப்பேன்.

2024 ஏப்ரல் 16 மழை அமீரகத்தில் இருந்த யாருக்கும் மறக்காது. 75 வருடப் பதிவில் அப்படி ஒரு மழை இல்லை. அல் ஐன் பக்கம் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. எங்களுடையது தரைத்தள ரூம். தண்ணீர் இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊருக்கு அனுப்ப வாங்கி வைத்த சாமான் எல்லாம் மிதந்தது. லாலா டிரெய்லரை வாசலுக்கே கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டார். இரண்டு ராத்திரி அந்தக் கேபினில் முறை வைத்துத் தூங்கினோம். மற்றவர்களுக்கு இடம் விட்டு அவர் ஸ்டியரிங்கில் தலை வைத்தே படுத்திருந்தார்.

அந்த வருடக் கடைசியில் நான் ஊர் திரும்பிவிட்டேன். அவரும் ஸ்வாத் போய்விட்டார். என் வீட்டுக்கு அவரோ அவர் வீட்டுக்கு நானோ போக வழியில்லை. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்க மூன்றாவது ஒரு நாடு வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. 2025 மே மாதம் இரண்டு நாட்டுக்கும் சண்டை நடந்த அந்த நாலு நாளில் ராத்திரி அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "உன் அம்மா பயப்படாமல் இருக்கிறார்களா?" அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "அந்தப் பிள்ளை வீட்டில் எல்லாரும் பத்திரமா இருக்காங்களான்னு முதல்ல கேளு" என்றார், ஒன்பது வருடம் முன்னால் அழுத அதே அம்மா.

உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பினாங்கிலிருந்து ஒரு பதில்

அண்ணே, வணக்கம் என்றதும் எனக்கு எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டார். இங்கே சீனர்கள் பேசுவது ஹொக்கியன். பார்த்ததும் அவர் கேட்பது "சியாக் பா போய்?" அதாவது சாப்பிட்டாச்சா? என் தாத்தா திண்ணையிலிருந்து கேட்டதும் அதுதான். இரண்டு பேரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள், ஆனால் இந்த ஒன்றை மட்டும் தாத்தா ஹொக்கியனிலும் அவர் தமிழிலும் கேட்பார்கள். தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது ஜார்ஜ் டவுன் தெருக்களில் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் நிறைய. அவரும் உடைப்பார். தாத்தா இறந்த வருடம் அவர் இரண்டு குவியல் வைத்தார். ஒன்று யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து இன்னொரு பதில்

நான் கல்யாணமாகி இங்கே வந்த முதல் மாதம், எங்கள் கதவில் யாரோ ஒரு சிறு பலகையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கு என்று புரியவில்லை. எதிர் வீட்டு அம்மா, எழுபத்தெட்டு வயது, துடைப்பத்தோடு வந்து கற்றுக்கொடுத்தார். இந்தப் பக்கத்து வழக்கப்படி பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படி பெருக்கித் துடைப்பது அவர்கள் முறை. இரண்டு பேரும் சேர்ந்தே துடைத்தோம். அப்படித்தான் பழக்கம்.

ஜெர்மனில் நீங்கள் என்பதற்கு 'ஸீ', நீ என்பதற்கு 'டூ'. நெருக்கமானதும் வயதில் பெரியவர்தான் இனி டூ என்று சொல்லலாம் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் அதைப் பெரிய விஷயமாக மதிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பிளம்ஸ் கேக்கும் காபியும் வைத்து, அந்த அம்மா எனக்கு அதைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் வரவில்லை! பெரியவர்களை நீ என்று சொல்லி வளர்ந்தவள் இல்லையே. திரும்பத் திரும்ப 'ஸீ'தான் வந்தது. தன்னைத் தள்ளி வைக்கிறேனோ என்று அவர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, தமிழில் மரியாதையும் அன்பும் ஒரே சொல்லில் இருக்கும் என்று தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். வருகிறவரைக் கூப்பிடுவதற்குக்கூட 'வாங்க' என்போம் என்றேன். அதை ஒரு காகிதத்தில் ஜெர்மன் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் இப்போது திக்கித் திக்கி 'டூ' சொல்கிறேன். அவர் கதவைத் திறந்ததும் "வாங்க" என்கிறார்.