முழுக்கோழி ரோஸ்ட்: நெஞ்சுக்கறி வறண்டுபோகாமல் இருக்க வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ள முழுக்கோழிக்கு முந்தைய இரவே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்து, மறுநாள் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்தபோது, தோல் நன்கு மொறுமொறுப்பாக வந்தாலும், தொடையின் உட்பகுதி 74 டிகிரியை எட்டுவதற்குள் நெஞ்சுக்கறி நார்நாராக வறண்டுவிட்டது. இரண்டு முறையும் இதே கதைதான். முதுகெலும்பை வெட்டி நீக்கிக் கோழியை விரித்து வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வேகும் என்பதை அறிவேன். ஆனால் முழு உருவத்தோடு பரிமாறவே விரும்புகிறேன் (வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்). முதல் பாதி நேரம் நெஞ்சுப்பகுதியைக் கீழே இருக்குமாறு வைத்துப் பிறகு திருப்பினால் தோலின் மொறுமொறுப்பு குறையுமா, அல்லது நெஞ்சின் மேல் மட்டும் அலுமினியத் தாளைப் போர்த்துவது மேலா? செய்து பார்த்தவர்கள் நேர அளவுடன் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.